பஞ்சாயத்து ரோட்டில் யார் போட்ட கேட்?

அந்த கேட்டுக்கு உள்ளே ஓடுகிற ரோடு பஞ்சாயத்து ரோடு. மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். முப்பதடி அகலம், தார் போட்டது, இரண்டு பக்கமும் சிமெண்டு வாறுகால், வரிசையாக விளக்குக் கம்பம். மனை போட்டு விற்றவர்கள் அந்த ரோட்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சப் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவான பத்திரம். அதன் நகலைப் பணம் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ரோட்டின் வாசலில்தான் இரண்டாள் உயரத்துக்கு இரும்பு கேட் மாட்டி, மேலே ஆர்ச் கட்டி, ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாருடைய அனுமதி? ஊருக்கு எழுதிக் கொடுத்த ரோட்டில் ஊர்க்காரிக்கு அனுமதி கொடுக்க இவர்கள் யார்?

நான் கரிவலம்வந்தநல்லூர்க்காரி. பிறந்ததும் இங்கே, வாக்கப்பட்டதும் இங்கே. ஊருக்கு மேற்கே எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் இருக்கின்றன. பாதியில் மக்காச்சோளமோ உளுந்தோ போடுவோம். பாதி பூ. மல்லியும் பிச்சியும். அந்தப் பூதான் எங்கள் வீட்டில் அடுப்பெரிக்கிறது. அந்தப் பூதான் என் மகனைப் படிக்க வைத்தது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து எத்தனையோ வீட்டுப் பூ போகிறது. மல்லிகை சாகுபடி தெரிந்தவர்களுக்கு இதன் அவசரம் தெரியும். மொக்காக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மொக்கு வாய் திறந்துவிடும். வாய் திறந்த பூவுக்கு மார்க்கெட்டில் விலை கிடையாது. அதனால் இருட்டோடு இருட்டாக, தலையில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குவோம். விடியும் நேரத்தில் பூ மூட்டை பஸ் ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குப் போக ஒரு வண்டிப்பாதை இருந்தது. என் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து மாடும் வண்டியும் போன பாதை. புல வரைபடத்தில் அந்தப் பாதைக்குக் கோடு இருக்கிறது. அதில் நாங்கள் மட்டும் போகவில்லை. எங்களுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஏழெட்டு வீட்டுக்காரர்கள் போனார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் போனார்கள். காலனியிலிருந்து களையெடுக்கவும் பூவெடுக்கவும் வருகிற பெண்கள் போனார்கள். பாதையை ஒட்டியிருந்த பெரிய புஞ்சைகள் கைமாறி, மனைப்பிரிவு வந்தபோது எங்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பாதை எங்கயும் போகலம்மா, தார் ரோடா வருது. நீங்க சேறு மிதிக்காம போகலாம்.” நம்பினோம். நம்பாமல் என்ன? அது உண்மையாகவும் இருந்தது. பாதை இருந்த இடத்தில் அச்சுப் பிசகாமல் தார் ரோடு வந்தது. ஒரு வருஷம் அதில் நடக்கவும் செய்தோம்.

அதற்குள் விற்பனை நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாமியானா போடுவார்கள். ராஜபாளையத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேனில் ஆட்களைக் கூட்டி வருவார்கள், வந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம். வண்ண வண்ணக் கொடி, மைக் செட், ஒரு நாள் டிவி சீரியலில் நடிக்கிற ஒரு பெண். இன்று அட்வான்ஸ் போட்டால் பத்திரச் செலவு இலவசம் என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கெல்லாம் வழவழப்பான நோட்டீஸ் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் பால்வண்ணநாதர் கோயில் கோபுரம். ‘தினமும் கோபுர தரிசனம்.’ மறுபக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பூந்தோட்டம். ‘மலர்த் தோட்டங்கள் சூழ்ந்த மனைகள்.’ அந்தப் படத்தில் இருப்பது என் தோட்டம். கிணற்று மேட்டில் சாய்ந்து நிற்கிற வேம்பைப் பார்த்தாலே தெரியும். கோபுரமும் ஊருடையது, தோட்டம் என்னுடையது. இரண்டையும் படம் பிடித்து விலை வைத்தார்கள். அதற்குக் கீழே பட்டியல்: சுற்றிலும் மதில், 24 மணி நேரக் காவல், சிசிடிவி கேமரா, வெளியாட்கள் நுழைய முடியாத பாதுகாப்பு, உங்களைப் போன்றவர்கள் மட்டுமே வாழும் சூழல்.

அன்றைக்கு அந்தக் கடைசி இரண்டு வரி என் மண்டையில் ஏறவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. அவர்கள் விற்றது இரண்டரை சென்ட், மூன்று சென்ட் மண்ணை மட்டுமா? மண் எங்கும் கிடைக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அதே மண் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மீதிப் பாதி விலை எதற்கு? நாங்கள் அங்கே வர மாட்டோம் என்பதற்கு. ஆடு வராது, தலையில் புல்லுக்கட்டோடு பொம்பளை வர மாட்டாள், காலனிப் பிள்ளைகள் பூங்கா ஊஞ்சலில் ஏற மாட்டார்கள் என்பதற்கு. எங்களை அப்புறப்படுத்துவதைத்தான் சென்ட் கணக்கில் விலை போட்டு விற்றார்கள். பூ விற்றுப் பிழைக்கிறவள் நான், ஒரு பண்டத்துக்கு எதனால் விலை ஏறுகிறது என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

கேட் பூட்டிய முதல் நாளைச் சொல்கிறேன். மாசி மாதம். நானும் என் மாமியாரும் காலனியிலிருந்து வருகிற இரண்டு பெண்களும் வழக்கம்போல இருட்டில் போகிறோம். கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் பல்பு, நாற்காலியில் ஒரு வாட்ச்மேன். முகத்தைப் பார்த்தால் எங்கள் தெருப் பையன். விசைத்தறியில் வேலை இல்லாமல் போய் வீட்டில் இருந்தவன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

“மதினி, ஆறு மணிக்குத்தான் திறக்கச் சொல்லியிருக்காக.”

“ஆறு மணிக்குப் பூவெடுத்து நான் யாருக்குடா கொடுக்க?”

“கோவிச்சுக்கிடாதீக. மேல கேமரா இருக்கு. திறந்தா என்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாக.”

அவன் கை நடுங்கியது. அவனிடம் நான் என்ன பேச? அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். எங்களை எங்களை வைத்தே மறிக்கிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது. கடைசியில் ஒரு நோட்டை கம்பி வழியாக நீட்டினான். பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. “இதுல எழுதிட்டுப் போங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் சமாளிச்சுக்கிடுதேன்” என்றான். என் மாமியாருக்கு எழுதத் தெரியாது. இத்தனை வயசில் தன் தோட்டத்துக்குப் போகக் கட்டைவிரலை உருட்ட வேண்டுமா என்று அவர் கேட்டார். யாரைப் பார்க்க என்கிற கட்டத்தில் நான் என்ன எழுதுவது? என் செடியைப் பார்க்க, என் கிணற்றைப் பார்க்க என்றா? நான் எழுதவில்லை. திரும்பி, மெயின் ரோட்டுக்கு வந்து, ஓடையைச் சுற்றி, கருவேல முள்ளுக்குள் புகுந்து போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. அன்றைக்குப் பூவில் பாதி விரிந்த பூ. கமிஷன் கடையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஒதுக்கி வைத்தார்கள்.

கூட வந்த இரண்டு பெண்களில் மூத்தவர் கேட்டுக்கு வெளியே நின்றபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. முள்ளுக்குள் நடக்கும்போதுதான் சொன்னார். “ஒங்களுக்குத்தான் தாயீ இது புதுசு.”

அந்தச் சொல் என்னைக் குத்தியது, குத்த வேண்டியதுதான். எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு கோடு இருந்தது, இருக்கிறது. காலனி தனி, சுடுகாடு தனி. இந்தச் சீமையில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதற்காக எத்தனை ரத்தம் சிந்தியிருக்கிறது! இங்கிருந்து அதிக தூரமில்லாத கழுகுமலையில் 1895இல் தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சண்டையில் உயிர்கள் போயின. 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருக்கிற தெருவில் நடப்பதற்காக. பெரியார் அதற்காகச் சிறைக்குப் போனார். அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையில், பொதுக் கிணற்றில், பொது இடத்தில் யாரையும் தடுக்கக் கூடாது என்று. அரசு அதை ஏற்று ஆணை போட்டது. பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2) பிரிவு, சாதி, மதம், பிறந்த இடத்தைச் சொல்லி யாருக்கும் கிணறு, குளம், படித்துறை, சாலையைத் தடுக்கக் கூடாது என்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற சாலை மட்டுமல்ல, பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று ஒப்படைக்கப்பட்ட சாலையும் அதில் அடக்கம். தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தார்களே, அதுதான் அந்தச் சாலை. சாதியைச் சொன்னால்தானே அந்தப் பிரிவு பாயும்? அதனால் யாரும் சாதியைச் சொல்வதில்லை. செக்யூரிட்டி என்கிறார்கள், பராமரிப்புக் கட்டணம் என்கிறார்கள், மெம்பர்களுக்கு மட்டும் என்கிறார்கள். நிறுத்தப்படுகிறவர்கள் மட்டும் அன்றைக்கு நிறுத்தப்பட்ட அதே ஆட்கள்தான். கூடவே என்னைப் போல நாலு பேர் இப்போது சேர்ந்திருக்கிறோம்.

மதில்களைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒரு சுவர் பல வருஷங்களாகப் பிள்ளைகளைச் சுற்றி நடக்க வைத்தது. 2008 மே 6ஆம் தேதிதான் அதில் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். திருப்பூர் மாவட்டம் சேவூரில் விஐபி நகர் என்று ஒரு மனைப்பிரிவு, பக்கத்திலேயே தேவேந்திரன் நகர் என்று பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு. நடுவே சுவர். 2024இல் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். மனை போடுகிறவர்கள் சுவரைச் சேர்த்து விற்கிறார்கள் என்று நான் சொன்னால் என் வயிற்றெரிச்சலில் பேசுவதாக நினைக்கிறவர்கள் சேவூருக்குப் போய்ப் பார்க்கட்டும். மேட்டுப்பாளையம் பக்கம் நடூர் நினைவிருக்கிறதா? 2019 டிசம்பர் 2, விடிகாலை, விடாத மழை. ஒரு வசதியான வீட்டின் இருபதடிக் கருங்கல் மதில் சரிந்து, கீழே ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. பெண்கள், பிள்ளைகள். அந்தச் சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு என்று எழுப்பின சுவர் வெளியே இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தைப் பற்றி தெரேசா கால்தெய்ரா என்ற மானுடவியலாளர் 2000இல் ஒரு புத்தகம் எழுதினார், பெயரே ‘சுவர்களின் நகரம்’. அங்கே பத்திரிகைகளில் வந்த வீட்டு விளம்பரங்களை வருடக் கணக்காகச் சேர்த்துப் படித்தவர் அவர். பாதுகாப்பு, ஒதுங்கியிருத்தல், தன்னைப் போன்றவர்கள் மட்டும், எல்லா வசதியும் உள்ளேயே: விளம்பரங்கள் திரும்பத் திரும்ப விற்றது இவற்றைத்தான் என்கிறார். என் கையில் இருக்கிற நோட்டீஸுக்கும் அதற்கும் ஒரு வரி வித்தியாசமில்லை. கடல் தாண்டி, பாஷை தாண்டி, கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பயத்தை முதலில் விதைக்க வேண்டும், பிறகு அதற்கு மதிலை விற்க வேண்டும். அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் டிரேவான் மார்ட்டின் என்ற பிள்ளை சாட்சி. 17 வயது. புளோரிடாவில் மதில் சூழ்ந்த ஒரு குடியிருப்புக்கு விருந்தாளியாக வந்திருந்த கறுப்பினப் பையன். 2012 பிப்ரவரி 26 ராத்திரி கடைக்குப் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தவனை, அந்தக் குடியிருப்பின் காவல் குழுவைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து, சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று வாதாடினார்கள், அடுத்த வருஷம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சென்னையில் என் அக்கா மகள் வீட்டு வேலை செய்கிறாள். பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறாள். கூவம் கரையிலும் நகரத்துக் குடிசைகளிலும் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொட்டினார்களே, அந்தப் பெரும்பாக்கம். அங்கேயிருந்து பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிகளுக்குத் தினமும் போகிறாள். அவள் உள்ளே நுழைந்தால் வீட்டம்மாவின் போனில் மணி அடிக்கும். வெளியே போனாலும் அடிக்கும். போகும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். அவள் வேலைக்கு மார்க் போடுகிற வசதியும் அந்தப் போனுக்குள் இருக்கிறது. வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட், அது ரிப்பேரானால் மாடிப்படி. “சித்தி, அவுக பிள்ளைக்கு நான்தான் சோறூட்டுதேன். ஆனா அந்தப் பிள்ளை விளையாடுற பெஞ்சுல நான் உக்காரக் கூடாது” என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே என்னைச் சமாதானம் செய்தாள், பழகிப் போச்சு சித்தி என்று. எப்படிப் பழகும்? எதற்குப் பழக வேண்டும்?

சரி, இங்கே மனை வாங்கினவர்கள் யார்? அரக்கர்களா? இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர் இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இருக்கிறார், அவரைப் பார்த்தால் இன்றைக்கும் நான் செருப்பைக் கழற்றுவேன். அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? வாறுகால் தண்ணீர் வாசலில் தேங்காத தெரு. ராத்திரி எரிகிற விளக்கு. குழாயில் தண்ணீர். பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட இடம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்த ஒரு அகலமான வாசல். இதில் எது தப்பு? எனக்கும் வேண்டும் அது. எங்கள் தெருவில் வாறுகால் அடைத்து எத்தனை மழைக்காலம் ஆயிற்று! கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போயிற்று. ஊர் முழுக்கக் கிடைக்க வேண்டியதை ஊருக்குக் கொடுக்காமல் விட்டதால்தான் அதை மதிலுக்குள் வைத்து விற்க இவர்களால் முடிகிறது. தெருவைச் சீர்செய்ய வேண்டியவர்கள் செய்திருந்தால் இந்த நோட்டீஸை யார் வாங்கிப் படித்திருப்பார்கள்?

ஆனால் வாத்தியாரய்யா, விளக்கும் வாறுகாலும் வாங்கினீர்கள், எங்கள் பாதையையும் சேர்த்து ஏன் வாங்கினீர்கள்? அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனேன், யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். “உங்களைச் சொல்லலம்மா, வெளியாளுக வந்துருவாங்கன்னுதான் குடியிருப்போர் சங்கத்துல முடிவு பண்ணினாங்க” என்றார். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் திருடு போய்விட்டதாம். என் கிணற்று மோட்டாரின் காப்பர் வயரைக்கூடத்தான் வெட்டிக்கொண்டு போனார்கள். நான் யார் பாதையை மறித்தேன்? நாலு தலைமுறையாக நடந்தவள் வெளியாள், போன வருஷம் பால் காய்ச்சினவர் உள்ளூர்க்காரர்! அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் ஆபீஸாக ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கே தெம்பில்லை. கிராம நிர்வாக அலுவலர் தாசில்தாரைப் பார்க்கச் சொன்னார். அங்கே சர்வேயர் வந்து அளக்கட்டும் என்றார்கள். சர்வேயர் அளந்தார், பாதை ரோட்டுக்குள்தான் இருக்கிறது என்றார், கேட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றார். போலீசில் இது சிவில் விவகாரம் என்றார்கள். தென்காசியில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். மனு சுற்றிச் சுற்றி அதே கிராம நிர்வாக அலுவலர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. வக்கீல் ஒருவர், 1882ஆம் வருஷத்து வழியுரிமைச் சட்டப்படி இருபது வருஷம் தடையில்லாமல் நடந்த பாதைக்கே உரிமை உண்டு, உங்கள் கேஸ் அதைவிட வலுவானது, ரோடு ஊராட்சிக்கு வந்துவிட்டதே என்றார். ஜெயிப்போம், ஆனால் வருஷக் கணக்காகும் என்றார். பூச்செடி அத்தனை வருஷம் காத்திருக்குமா? மீதி நிலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடு, நல்ல விலை தருகிறோம் என்று தரகர் இரண்டு முறை வந்துவிட்டார். பாதையை அடைத்தால் நிலம் தானாகக் கைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் மனை போட்டவர்கள் கல்லை நட்டு விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், ரோடும் இருக்காது, பூங்காவும் இருக்காது. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. அதற்குப் பிறகுதான் அனுமதி வாங்காமல் விற்க முடியாது என்ற நிலை வந்தது. அனுமதி வேண்டுமென்றால் ரோட்டை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரோடு நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி, அதையும் தானமாக எழுதித் தர வேண்டும் என்று இருக்கிறது. இந்த மனைப்பிரிவு அந்த அளவைத் தாண்டியது. ஆக ரோடும் ஊருடையது, அந்த ஊஞ்சலும் சறுக்கு மரமும் நிற்கிற பூங்காவும் ஊருடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே கல்லை அடுக்கி ஏறி நின்று, உள்ளே பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவதைப் பார்க்கிறார்கள். தங்கள் பூங்கா என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அதிகாரிகளுக்குத் தெரியும். பத்திரம் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆவணித் தபசு நடக்கும். அம்பாள் தபசுக்குப் புறப்படுகிற அன்றைக்கு எங்கிருந்தெல்லாமோ சனம் வரும். சாமிக்குப் போகிற மாலையில் என் தோட்டத்துப் பூவும் இருக்கும். மனை வாங்கிய வீட்டுப் பெண்களும் தலையில் வைக்க என்னிடம்தான் பூ வாங்குகிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் வந்து வாங்கிப் போகிறார்கள். இன்னும் இரண்டு முழம் கூட வை அக்கா என்று சிரித்துப் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் கோபப்படவில்லை, ஒரு நாள் ஒருத்தியிடம் மட்டும் கேட்டேன்: இந்தப் பூ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது தெரியுமா என்று. அவளுக்குத் தெரியாது. தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற செடிதான் என்று காட்டினேன். “அப்போ எதுக்கு அக்கா இவ்வளவு சுத்தி வாரீக?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

கேட்டைக் கழற்ற வேண்டும். ஆறு மணி, ஐந்து மணி என்று நேரம் குறைத்துத் தருகிறோம், உங்களுக்கு மட்டும் ஒரு சாவி தருகிறோம் என்று சங்கத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். எனக்குச் சாவி வேண்டாம். என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் காலனிப் பெண்ணும் ஆடு மேய்க்கிற தாத்தாவும் என்னிடம் வந்து நிற்க வேண்டுமா? அவர்களுக்கு நான் கேட் திறந்துவிடுகிற ஆளாக வேண்டுமா? பஞ்சாயத்து ரோட்டுக்குச் சாவியே இருக்கக் கூடாது. வாட்ச்மேன் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், கேமரா வேண்டுமென்றால் அவரவர் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளட்டும். எங்கள் தெருப் பையன் வேலையும் போக வேண்டாம். கேட் மட்டும் அங்கே இருக்கக் கூடாது, பூங்காவுக்கு ஊர்ப் பிள்ளைகள் போக வேண்டும்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை. தானப் பத்திரத்தின் நகலையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பாதையில் நடந்த அத்தனை வீட்டுக்காரர்களும் வருகிறார்கள், காலனியிலிருந்தும் வருகிறார்கள். ஊராட்சிக்குச் சொந்தமான சாலையில் உள்ள தடுப்பை அகற்ற வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்காமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். மதிலுக்குள் இருக்கிறவர்களுக்கும் இந்த ஊராட்சியில்தான் ஓட்டு, நீங்களும் வர வேண்டும். வாத்தியாரய்யா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும் என்று ஊர் முன்னால் உங்களிடம் கேட்கப் போகிறேன்.